நாய்க்குச் சோறு வைத்தது யார்?

2023 ஜனவரி. வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த கொடுமையைக் கண்டித்து எங்கள் பகுதியில் ஒரு கூட்டம். மேடையில் ஒரு தோழர் நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார். "பங்களா நாய்க்கு ஏ.சி. ரூம்பு. பாலு. கறிச்சோறு. எங்க புள்ளைங்களுக்குக் குடிக்கிற தண்ணியில பீயா? நாயைவிடக் கேவலமா நாங்க?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தட்டவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அந்த நாய்க்குச் சோறு வச்சது யாருன்னு அவரைக் கேளுப்பா."

நான் கேட்கவில்லை. கூட்டத்தின் சூட்டில் அது கேட்கிற கேள்வியாகத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன். அந்தத் தோழரை மட்டுமல்ல, அதே வாசகத்தைப் பத்து வருசமாக மேடைமேடையாகப் பேசித் திரிந்த என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

'நாயைவிடக் கேவலமாக நடத்துகிறார்கள்' என்பது நம் மேடைகளில் தேய்ந்துபோன வாசகம். அதில் நாய் இருக்கிறது, நாம் இருக்கிறோம். நாயை வாங்கியவன் இல்லை. நம்மை விரட்டியவனும் அந்த நாயை வாங்கியவனும் ஒரே ஆள் என்பது அதில் இல்லை. அந்த நாய்க்குப் பொங்கிப் போட்டு, அதன் பீயை அள்ளி, உண்ணி பொறுக்கி, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க முழித்திருந்தவள் நம் தெருப் பெண் என்பதும் இல்லை. எசமானைத் தப்பவிட்டுவிட்டு நாயோடு மல்லுக்கு நிற்கிற வாசகம் அது.

*

எங்கள் அம்மா 1999இலிருந்து 2010வரை, பதினோரு வருசம், டவுனில் ஒரு மில்காரர் பங்களாவில் நாய் பார்த்தாள். 'நாய் பார்க்கிற வேலை' என்றுதான் அதற்குப் பெயர். முதலில் வந்தது கறுப்பு. பிறகு வந்தது கோதுமை நிறம், முகம் மட்டும் கரிபூசினாற்போல. இரண்டுமே கிரேட் டேன். டென்மார்க்கின் பெயரை வைத்துக்கொண்டு திரிகிற இந்த இனத்தை உருவாக்கியது ஜெர்மானியர்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும், பிரபுக்களின் மாளிகைக் காவலுக்கும் என்று வளர்த்தெடுத்தது. கடாய் நாயின் தோள் உயரமே 30 அங்குலத்துக்கு மேல். எடை 60, 70 கிலோ. பிறக்கும்போது அரைக்கிலோ சொச்சம் இருக்கிற குட்டி ஒரே வருசத்தில் 50 கிலோவைத் தாண்டிவிடும். பின்காலில் எழுந்து நின்று முன்காலை மனுசன் தோளில் போட்டால் ஆளைவிட உயரம்.

பங்களா கேட்டில் இரண்டு பலகை. ஒன்றில் சாமி பெயர். இன்னொன்றில் 'நாய் ஜாக்கிரதை'. வீட்டுக்காரர்கள் சுத்த சைவம். நாய்க்குத் தினம் ஒன்றேகால் கிலோ மாட்டுக்கறி. ஆட்டுக்கறி கட்டுப்படியாகாது, கோழி எலும்பு தொண்டையில் குத்தும். எனவே மாடு. அது எங்கே கிடைக்கும்? எங்கள் தெருவில் கிடைக்கும். விடியக்காலம் அம்மா தூக்குவாளியில் கறியை வாங்கி, ஈரத்துணி போட்டு மூடி, பின்வாசல் வழியாகக் கொண்டுபோவாள். கொல்லையில் தகரக் கொட்டகை. தனி அடுப்பு, தனிச் சட்டி. உப்புப் போடாமல், வெங்காயம் சேர்க்காமல், அரிசியும் கேரட்டும் போட்டு வேகவைப்பாள். வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு நாய் நடுவீட்டுக்குள் போகும். பூசையறை வாசலில் படுக்கும். வீட்டுக்காரம்மாள் அதன் நெற்றியில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பார். சமைத்துப் போட்ட அம்மா பின்வாசல் படியைத் தாண்டியதில்லை.

தோழர்களே, இதை நீங்கள் எப்படி விளக்குவீர்கள்? மாட்டுக்கறி தீட்டு என்கிறார்கள். மாட்டுக்கறி தின்கிறவன் தீட்டு என்கிறார்கள். அப்படியானால் தின்ற நாய் எப்படித் தீட்டில்லை? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பங்களா நாயின் வாயில் இருந்த கறியைக் கேட்க எந்தப் பசுப் பாதுகாவலனும் வரவில்லை. தீட்டு கறியில் இல்லை என்பதை எங்கள் அம்மா எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அந்தப் பின்வாசல் படியில் நின்றே தெரிந்துகொண்டாள். கறி உள்ளே போகலாம், கை உள்ளே போகக்கூடாது. தீட்டு கையில் இருக்கிறது. உழைக்கிற கையில்.

*

அம்மாவின் சம்பளம் ஆரம்பத்தில் மாசம் 700 ரூபாய். நாயின் சாப்பாட்டுக்கு, ஊசிக்கு, மருந்துக்கு மாசம் 3000. இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே 'பார்த்தாயா, நாய்க்கு மூவாயிரம், மனுசிக்கு எழுநூறு' என்று பேசத் தோன்றும். நான் கேட்பது வேறு. மூவாயிரம் நாய்க்குத் தேவைதான். அந்த உடம்புக்கு அதற்குக் குறைந்து முடியாது. எழுநூறு ஏன் எழுநூறு? நாய் வளர்ப்பில் அறிவு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏன் கூலி இல்லை?

அறிவு என்று ஏன் சொல்கிறேன்? முதல் நாய் எப்படிச் செத்தது என்று கேளுங்கள். ஒருநாள் சாயங்காலம் வயிறு முட்டத் தின்றதும் வீட்டுக்காரர் மகன் அதைப் பந்து எறிந்து ஓடவிட்டான். ஒரு மணி நேரத்தில் வயிறு மேளம்போல் உப்பிவிட்டது. வாந்தி எடுக்கக் குமட்டுகிறது, ஒன்றும் வரவில்லை, வெறும் நுரை. நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கிறது. "குடல் முறுக்கிக்கிச்சும்மா, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று அம்மா கெஞ்சினாள். "ஓமத் தண்ணி குடு, காலையில பாத்துக்கலாம்." ராத்திரி மூணு மணிக்குச் செத்தது. இது மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வருகிற எமன். இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் வயிற்றைத் திறந்து சரிசெய்யாவிட்டால் பிழைக்காது. அம்மா குடல் என்று சொன்னது இரைப்பை, அவ்வளவுதான் பிசகு.

மறுநாள் விடியுமுன் எங்கள் அப்பாவுக்கு ஆள் வந்தது. "குழி தோண்டணும். ஒங்காளுகளுக்குத் தெரிஞ்ச வேலைதானே." அப்பா போனார். கூலி கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

இரண்டாவது குட்டி வந்தபோது அம்மா சட்டம் போட்டாள். சாப்பாட்டை மூணு வேளையாகப் பிரித்துத்தான் வைப்பேன். தின்றபின் ஒரு மணி நேரம் யாரும் அவிழ்த்துவிடக்கூடாது. சீக்கிரம் வளரட்டும் என்று கண்ட சுண்ணாம்புச் சத்து மருந்தையும் கொட்டக்கூடாது. பெரிய சாதிக் குட்டி வேகமாய் வளர்ந்தால் எலும்பு கோணிக்கொள்ளும் என்பது அவளுக்குக் கண்ணால் கண்டு தெரியும். சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கையில் தோல் காய்த்துப் புண்ணாகும், அதனால் கோணிப்பையை நாலாய் மடித்துத் தைத்து மெத்தை செய்தாள். சித்திரை வைகாசியில் வெயில் இறங்கியபின்தான் நடக்கக் கூட்டிப்போவாள். காதுமடலில், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி பார்ப்பாள். அந்த நாய்க்கு சீசர் என்று பெயர். அம்மா வாயில் சீசரு.

டவுன் நாய்க் கண்காட்சியில் சீசருக்குக் கோப்பை கிடைத்தது. கால்நடை டாக்டர் வீட்டுக்காரர் கையைக் குலுக்கி, "அருமையா வளர்த்திருக்கீங்க சார்" என்றாராம். கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. கோப்பையோடு வீட்டுக்காரர், பக்கத்தில் சீசர், சீசர் கழுத்திலிருந்து ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் வளையல் போட்ட ஒரு கை. அதற்குமேல் சட்டம் வந்துவிட்டது.

சம்பளம் கூட்டிக் கேட்ட ஒரு நாளில் அந்த வீட்டில் சொன்னார்கள்: "நாய்க்கிருக்கிற நன்றிகூட ஒங்களுக்குக் கெடையாது." பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிய கட்டுரைதான்: நாய் நன்றியுள்ள பிராணி. நாலடியார் படித்தவர்களுக்குத் தெரியும். பழகிய பாகனையே கொல்லும் யானையைக் காட்டிலும், எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலாட்டுகிற நாயே மேல் என்று அங்கே ஒரு பாட்டு உண்டு. எம்.ஏ. வகுப்பில் அதை நட்புக்கு இலக்கணமாக நடத்தினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். வேலை எறிந்தவன் யார், அதை ஏன் யாரும் கேட்கவில்லை? அடிவாங்கியபின்னும் வாலாட்டுகிறவனைத்தான் இந்த மரபு நல்லவன் என்கிறது. சைவ அடியார்கள் தங்களை 'நாயேன்' என்று பாடிக்கொண்டதையும் நடத்தினார்கள். பணிவாம். தெருவில் எவனும் நாயே என்று கூப்பிடாதவனுக்குத்தான் தன்னை நாய் என்று சொல்லிக்கொள்வது பணிவு. எங்கள் தாத்தனுக்கு அது தினப்படி அழைப்பு.

நன்றிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சோறு போட்ட கைக்குத்தானே நன்றி? சீசர் வீட்டுக்காரர் கூப்பிட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கும். அம்மா கொட்டகைக்குள் மூச்சுவிட்டால் எழுந்து வரும். நாய்க்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

*

வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வாராம்: "அழுக்குச் சட்டை போட்டு எவன் வந்தாலும் விடாது." நாய்க்குச் சட்டையின் அழுக்கு எப்படித் தெரியும்? அது பிறக்கும்போது தெரிந்துகொண்டு வருவதில்லை. காரில் வருகிறவரைப் பார்த்துக் குரைத்தால் அதட்டு. சைக்கிளில் வருகிறவனைப் பார்த்துக் குரைத்தால் தட்டிக்கொடு, பிஸ்கட் கொடு. மூணு மாசம் போதும். சாதியைக் கற்றுக்கொள்ள மனுசக் குழந்தைக்கே அதைவிட அதிக காலம் ஆவதில்லை.

இந்தப் பாடம் பழையது. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஒரு நாய் வருகிறது. பாண்டவர்களின் வேட்டை நாய். காட்டில் கறுத்த உடம்போடு, அழுக்கேறி, தோல் உடுத்தி நிற்கிற ஏகலைவனைப் பார்த்துக் குரைக்கிறது. அவன் அதன் வாயை அம்புகளால் அடைக்கிறான். அந்த நாய் அப்படியே எசமானர்களிடம் ஓடுகிறது. அதன் பின்னாலேயே துரோணர் வருகிறார், கட்டைவிரல் போகிறது. அதே கதையின் கடைசியில் இன்னொரு நாய். தருமன் அந்த நாய் இல்லாமல் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறான். என்னே கருணை என்று உருகுகிறார்கள். அந்த நாய் நாயல்ல, தருமதேவதை. சொர்க்கத்துக்குக் கூட்டிப்போக நாய்க்கு இடம் உண்டு, ஏகலைவனின் விரலைப் பற்றி அந்தச் சொர்க்கத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மனுவோ நேரடியாகவே சொல்லிவிட்டார். பத்தாம் அத்தியாயத்தில், சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், அவர்களுடைய செல்வம் நாயும் கழுதையும். நாயைச் சமைப்பவர் என்றே நமக்கு ஒரு பெயரும் வைத்தார். நாய் இழிவு என்பதால் நமக்குச் செல்வமாக ஒதுக்கினார்கள். பிறகு அதே நாய் ஜெர்மனியிலிருந்து பெரிதாக வந்தபோது அது அவர்களுக்கு அந்தஸ்து.

1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காமில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மாணவர்கள்மீது போலீஸ் நாய்களை ஏவினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதில் நாயின் பல் தெரியும். எனக்கு முதலில் கண்ணில்பட்டது தோல்வாரைப் பிடித்திருந்த கை. சங்கிலிக்கு எப்போதும் ஒரு மறுமுனை உண்டு. பங்களாவில் ஆள்பார்த்துக் குரைக்கிற குரல் நாயுடையது, வார்த்தை எசமானுடையது.

*

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சாதி நாய். 'இது சாதி நாய், அது தெரு நாய்.' எவ்வளவு நேர்மையான மொழி பாருங்கள். சாதி என்றால் என்ன என்பதை நாய் விசயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறது. அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டன் யார் என்று சான்றிதழ். யாரோடு யார் சேரலாம் என்று கட்டுப்பாடு. தப்பிச் சேர்ந்து பிறந்த குட்டிக்கு மதிப்பில்லை. அகமணம்தான் சாதியின் சாரம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் நிறுவினார். அதை நாயின் மொழியில் படித்துக்கொள்ள விரும்புகிறவர் சாதி நாய் விற்பனைக்காரரிடம் போகலாம்.

அந்தச் சுத்தம் நாய்க்கு என்ன கொடுத்தது? கிரேட் டேனின் ஆயுள் பொதுவாக ஏழிலிருந்து பத்து வருசம். தெருவில் எச்சில் இலை பொறுக்குகிற நம் நாய், லாரிக்கும் கல்லுக்கும் தப்பினால், அதைவிட அதிகம் இருக்கும். டேனுக்கு இதயத் தசை தளர்ந்து வீங்குகிற நோய். எலும்புப் புற்று. கழுத்தெலும்பு நரம்பை அழுத்தி நடை தள்ளாடுகிற நோய். வயிறு முறுக்குகிற நோய். உடம்பின் அளவு ஒரு காரணம், ஒரே ரத்தத்துக்குள் சுற்றிச் சுற்றி இணைத்தது இன்னொரு காரணம். அழகான திட்டுநிறம் வேண்டும் என்று அந்த நிறம் கொண்ட இரண்டையும் இணைத்தால், குட்டிகளில் சில வெள்ளையாகப் பிறக்கும். செவிடாகவும் குருடாகவும் பிறக்கும். தொங்குகிற காது வீரமாக இல்லை என்று அதைக் கத்தரித்து நிமிர்த்துகிறவர்களும் உண்டு. கலப்பில்லாத ரத்தம் மேலான ரத்தம் என்று சாதிக்கு விஞ்ஞானச் சாயம் பூச வந்தவர்களை 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர் கிழித்துப்போட்டார். சீசர் ஆறாவது வயதில் பின்காலை இழுத்து இழுத்து நடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பக்கங்கள் இன்னொரு முறை புரிந்தன. சுத்தம் என்பது உயிருக்கு விரோதமானது. சாதி தன்னைச் சுமக்கிற உடம்பையும் தின்றுவிடும்.

*

2010இல் சீசருக்கு ஏழு வயது. பின்கால் விழுந்துவிட்டது. இருந்த இடத்திலேயே மூத்திரம். கூடத்தில் நாற்றம் என்றார்கள். கொட்டகைக்கு மாற்றினார்கள். ஒருநாள் "ஊசி போட்டுடலாம், புதுசா ஒண்ணு சொல்லியாச்சு" என்றார்கள். அம்மா கேட்டாள்: "நான் கொண்டுபோறேம்மா." அவர்கள் சிரித்தார்கள். பிறகு சரியென்றார்கள். மிச்சமிருந்த ஒரு மாசச் சம்பளம் வரவில்லை. நாய் வந்தது. குட்டியானை வண்டியில் கோணிமேல் படுக்கவைத்து அப்பாவும் நானும் இறக்கினோம்.

எங்கள் வீடு ஒரே அறை. அதில் நாலு பேர். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் 60 கிலோ நாய் நீட்டிப் படுத்தால் மிச்சமென்ன இருக்கும்? நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விளக்கை வைத்துக்கொண்டு சீசர் முதுகில் சாய்ந்துதான் சங்க இலக்கியம் படித்தேன். நாய்க்கு ஞமலி என்று ஒரு பழம்பெயர் இருப்பதை அதன் காதில்தான் முதலில் சொன்னேன். படுத்தே கிடக்கிற உடம்பை நாலு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப்போட வேண்டும், இல்லையென்றால் புண் வைத்துப் புழுத்துவிடும். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான், இடுப்புக்கடியில் பழஞ்சேலையைக் கொடுத்துத் தூக்கி வெளியே நிறுத்துவோம். அது வெட்கப்பட்டுக்கொண்டே மூத்திரம் பெய்யும். தலையைத் திருப்பி வேறு எங்கோ பார்க்கும். கறி ஒன்றேகால் கிலோவெல்லாம் இல்லை. நாங்கள் தின்றதில் பங்கு. கொழுப்பு, சவ்வு, நொய்க்கஞ்சி. தெருப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டு உட்காரும். அழுக்குச் சட்டைகள்தான் எல்லாம். அது ஒருநாளும் குரைக்கவில்லை. கற்றுக்கொடுத்ததை மறக்க அதற்குப் பத்து நாள் ஆயிற்று. மனுசனுக்கு எத்தனை நாள் வேண்டும்?

ஊருக்குள் சேதி போயிற்று. நாலு பேர் வந்தார்கள். "என்னலே, பங்களா நாயி ஒங்க தெருவுல கெடக்கு? கடாய் நாயின்னு சொன்னாக?" தென்மாவட்டங்களில் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பது கள ஆய்வுகளிலேயே பதிவான விசயம். நம் நாய் அவர்கள் வீட்டுப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடுமாம். தீண்டாமையை நாயின் இடுப்புவரை கொண்டுபோன நாகரிகம் இது. எங்கள் ஊரில் அதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. அதுவரை எங்களில் யாரும் கேள்வி எழும்படி நாய் வளர்த்ததும் இல்லை. அப்பா அமைதியாக, "எந்திரிச்சு நிக்கவே நாலு ஆளு வேணும் சாமி, எங்க போயிச் சேரப்போவுது?" என்றார். வந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும் போகும்போது சொன்னார்: "சாதி நாயி. சேரியில வந்து சாதி கெட்டுப்போச்சே."

அதே 2010இல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் இதைவிட வெளிப்படையாக நடந்தது. ஒரு தலித் பெண் மிஞ்சிய ரொட்டியைச் சாதி இந்து வீட்டு நாய்க்குப் போட்டார். நாய் தீட்டாகிவிட்டது என்று வீட்டைவிட்டு விரட்டினார்கள். பஞ்சாயத்துக் கூடி அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் தண்டம் விதித்தது. எங்கள் அம்மா பதினோரு வருசம் போட்ட சோறு பங்களாவுக்குள் தீட்டில்லை, ஏனென்றால் அது வேலை. மொரேனாப் பெண் போட்டது ஒரே ஒரு ரொட்டி, ஆனால் அது கொடை. நம் உழைப்பு அவர்களுக்கு வேண்டும். நம் கொடையும் நம் பிரியமும்தான் தீட்டு. 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கறுப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டார்களே, எதற்கு? அது நாய் என்பதற்காகவா? அவன் பிரியம் வைத்த நாய் என்பதற்காக.

*

இனி தோழர்களுக்கு. சீசர் எங்கள் வீட்டில் கிடந்தபோது ஒரு மூத்த தோழர் வந்தார். நல்லவர். பார்த்துவிட்டு, "சனங்க சோத்துக்கில்லாம கெடக்கு, நீங்க பூர்ஷுவா நாயி வளக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் அன்று தலையைக் குனிந்தேன். இன்று குனியமாட்டேன்.

பட்டினியை வைத்து நம் மனசுக்கு அளவு போடுகிற வேலையை நாமே செய்யக்கூடாது. ஏழைக்குச் சோறு போதும், பிரியம் ஆடம்பரம் என்பது எசமான் போட்ட பட்ஜெட். 1924இல் வைக்கத்தில் நாயும் மாடும் நடந்த தெருவில் மனுசர் நடக்கக்கூடாது என்றார்கள். போராடியவர்கள் நாயை விரட்டு என்றா கேட்டார்கள்? 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத்தின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மிருகங்கள் குடிக்கிற குளம் அது. மிருகங்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. எங்களுக்கும் உரிமை உண்டு என்று குடித்தார். நாயின் இடத்தைப் பறிப்பது நம் அரசியல் இல்லை.

ஒப்பிடுகிற மொழி யாருடையது என்றும் பார்க்க வேண்டும். 2015 அக்டோபரில் அரியானாவின் சுன்பேட் கிராமத்தில் இரண்டு தலித் குழந்தைகள் எரிந்து செத்தபோது, நாய்மேல் எவனாவது கல்லெறிந்தால் அரசா பொறுப்பு என்ற பொருளில் பேசினார் ஒரு மத்திய அமைச்சர். பிறகு உவமை சொல்லவில்லை என்று மறுத்தார். அந்த உவமையை அவர்கள் வீசும்போது கொதிக்கிறோம். நாமே மேடையேறி அதைத் திருப்பிச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம்.

இன்னொரு பக்கமும் எனக்குச் சண்டை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. பதினோரே நாளில், கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அதைத் திருத்தியது. அந்தப் பதினோரு நாளும் தொலைக்காட்சியில் கண்ணீர் ஆறாய் ஓடியது. நாய்க்காக அழுவது தப்பில்லை. மலக்குழியில் மூச்சுமுட்டிச் செத்தவனுக்கு அந்தக் கண்ணில் ஒரு சொட்டு ஏன் இல்லை என்று கேட்பேன். விடியுமுன் தெரு கூட்டப் போகிற பெண்ணையும் நடைபாதையில் தூங்குகிற பிள்ளையையும்தான் நாய் கடிக்கிறது என்பதை மறந்த கருணை, கேட்டுக்குள் இருக்கிற கருணை. நாய் பிடிக்கிற வண்டியில் போகிறவன் யார், செத்த நாயை அள்ளுகிறவன் யார் என்று கேளாத பிராணிநேசம் எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். பங்களாக்களிலும் பண்ணைகளிலும் நாய் விற்கிற கொட்டடிகளிலும் நாய் பார்க்கிறவர்கள் தொழிலாளிகள். அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும், வார விடுமுறை வேண்டும். நாய்க்கு வருசாவருசம் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிற வீட்டில், அந்த நாயின் வாய்க்குள் கைவிட்டு மருந்து கொடுக்கிறவளுக்கும் தடுப்பூசி வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் பதினோரு வருசத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. சங்கம் வைக்கிற தோழர்கள் வீட்டுவேலைத் தொழிலாளர் பட்டியலில் இவர்களையும் சேர்க்கட்டும்.

சீசர் எங்களோடு ஒரு வருசம் இரண்டு மாசம் இருந்தது. ஒரு மார்கழி விடியலில் அம்மா மடியில் தலைவைத்தபடி போய்விட்டது. புதைக்கக் குழி பெரிதாய் வேண்டியிருந்தது. அப்பாவும் நானும் தெருப் பையன்களும் முறைபோட்டுத் தோண்டினோம். வயல் வேலைக்குப் போன ஊர்க்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "செத்த நாயைத் தூக்குறது ஒங்களுக்குப் பழக்கம்தானே" என்றார். அப்பா மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். எங்கள் அப்பா ஊர்க்காரரை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அது பங்களா நாயிங்க. அன்னிக்கு நீங்க சொல்லித் தூக்குனோம். இது எங்க நாயி."

அவர் போய்விட்டார். நாங்கள் தோண்டி முடித்தோம். அம்மா தன் பழஞ்சேலை ஒன்றைப் போர்த்தினாள். பிள்ளைகள் பூப்போட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் எந்தத் தோழராவது பங்களா நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நான் எழுந்து நின்று கேட்பேன். அம்மா சொல்லிக் கொடுத்த கேள்விதான். அந்த நாய்க்குச் சோறு வைத்தது யார் தோழர்? அவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?